ஸ்ரீநிவாச ராமாநுஜனின் கேம்பிரிட்ஜ் வாசம்

நமது கலாசாலை தாம்பரத்துக் காட்டிற்குக் குடிபுகுந்தது 1937-ஆம் ஆண்டில். அதற்கு முன் அது சென்னை ஜார்ஜ் டவுனில், ஹைக்கோர்ட்டுக்கு எதிரே இருந்தது. அக்காலத்தில் இங்கே கணிதம் போதித்து வந்த பேராசிரியர் ராஸ் ஒருநாள் மிக்க பரபரப்புடன் வகுப்பினுள் நுழைந்து, ராமாநுஜனுக்குப் போலந்து பாஷை தெரியுமோ என்று மாணவரை வினவினாராம். போலந்து தேசத்துப் பண்டிதர் ஒருவரது கட்டுரை அன்றைத் தபாலில் வந்திருந்தது. அதிற் கண்ட முடிபை ராமாநுஜன் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்த அறிக்கையொன்றில் முன்னரே எழுதியிருந்தார். அப்பாஷையில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

அவரது கணிதத்தை விரித்துரைக்கும் தகுதி நமக்கில்லை. மேல்நாட்டுக் கலாசாலைகளை நாடும் நம் மாணவர் பலராதலின், அவரை அயல்நாட்டு மாணவராக மட்டும் இங்கே நோக்குவோம்.

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22-ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமாநுஜன், கணிதமொழிந்த பாடங்களைக் கைவிட்டமையால் எப்.ஏ. பரீக்ஷையில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்கு அவர் எழுதிய கடிதமும், அதனால் விளைந்த வியப்பும் யாவரும் அறிந்தவை. சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உதவிச் சம்பளம் அளித்தது.

ஆயினும் சீமைக்குச் செல்ல அவர் எளிதில் இசைந்தாரல்லர். வைதிகக் குடும்பம், கடல் கடப்பது ஆசாரத்திற்கு விரோதம். தாயார் கோமளத்தம்மாளின் மனம் மாறிய பின்னரே பயணம் கூடிற்று. நாமகிரித் தாயார் கனவில் தோன்றி அனுமதி தந்தாளென்று சொல்வதுண்டு. சர்வகலாசாலை ஆண்டிற்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் தம் பெற்றோருக்குச் சேரும்படி அவர் ஏற்பாடு செய்துகொண்டார். தாயாரையும் இளம் மனைவி ஜானகியையும் முன்னதாகவே ஊருக்கு அனுப்பிவிட்டுக் குடுமியைக் களைந்தார். அக்கோலத்தை அவர்கள் காணலாகாதென்பது எண்ணம் போலும். 1914 மார்ச் 17-ல் நெவாஸா என்னும் கப்பல் அவரை ஏற்றிச் சென்றது.

டிரினிடி கலாசாலையில் அவர் சேர்ந்த சில மாதங்களுக்குள் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. கலாசாலை முற்றமொன்று காயமுற்ற வீரர்க்கு ஆஸ்பத்திரியாயிற்று. உடனிருந்து உதவிய லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போய்விட்டார். காய்கறிகள் அருமையாயின. ராமாநுஜனோ புலாலை மறுத்தவர். பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் உண்ணாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஊரிலிருந்து தபாலில் வரும் பண்டங்களை எதிர்நோக்கியிருந்தார். சில வேளைகளில் முப்பது மணி நேரம் தொடர்ந்து உழைத்துப் பின் இருபது மணி நேரம் உறங்குவாராம். விடுதிச் சாம்பாரில் உப்புக் குறைந்தால் மகஜர் எழுதும் நாம் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

குளிர் அவரை வாட்டியது. பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மஹலநோபிஸ் அப்பொழுது அங்கே மாணவர். ஒருநாள் அவர் விசாரிக்க, தாம் மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்தே உறங்குவதாகவும் அப்போதும் குளிர் விடவில்லையென்றும் ராமாநுஜன் கூறினார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் ஒழுங்காய் மெத்தையடியிற் செருகப்பட்டிருந்தன! அவற்றை விலக்கி உள்ளே படுக்கவேண்டுமென்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எண்களின் அந்தரங்கமெல்லாம் அறிந்தவர், அடுத்த அறைக்காரரைக் கேட்கக் கூசினார்.

அவரது உள்ளத்தின் மென்மைக்கு மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. தம் கையாற் சமைத்து நண்பர் சிலருக்கு விருந்திட்டார். இருமுறை ரசம் பெற்றுக்கொண்ட விருந்தினர் மூன்றாம் முறை போதுமென்றனர். சிறிது நேரத்திற்கெல்லாம் அவரைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து ஐந்து பவுன் அனுப்பும்படி தந்தி வந்தது. தம் உபசாரம் நிராகரிக்கப்பட்டதென்று வருந்தி வெளியேறிவிட்டாராம். இதனை விநோதமென்று நகைப்பாருண்டு. தனிமை முற்றிய உள்ளத்திற்கு ஒரு கரண்டி ரசமும் பெரிதாகுமென்றே நமக்குத் தோன்றுகிறது.

1916-ல் ஆராய்ச்சியினால் பி.ஏ. பட்டம் பெற்றார். ஓரெண்ணை எத்தனை வகையாகக் கூட்டற் கூறுகளாய்ப் பிரிக்கலாமென்னும் வினாவிற்கு அவரும் ஹார்டியும் சூத்திரம் கண்டனர். 200 என்னும் எண்ணிற்கு அவ்வகைகள் 3,972,999,029,388 என்றால் அதன் அருமை ஒருவாறு விளங்கும். ஆனால் 1917-ல் நோய் பற்றியது. ஓர் ஆரோக்கிய நிலையத்திலிருந்து மற்றொன்றாக அலைந்தார். வீட்டுக் கடிதங்களும் குறைந்தன. மாமியார்-மருமகள் மனத்தாங்கலால் ஜானகியின் கடிதங்கள் அவரை எட்டவில்லை. 1918-ன் தொடக்கத்தில் லண்டனில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று, தெய்வாதீனமாய்ப் பிழைத்தார். அதே ஆண்டில்தான் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. டிரினிடியும் தன் பெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

சென்னைச் சர்வகலாசாலையும் ஆண்டிற்கு 250 பவுன் தர முன்வந்தபோது, 1919 ஜனவரியில் அவர் எழுதிய மறுமொழி நம் மனத்தை உருக்குவது. பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தமது செலவுபோக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் கல்விக்குச் செலவிடுமாறு அதில் வேண்டினார்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் மெலிந்த தேகத்துடன் பம்பாயில் வந்திறங்கினார். சீமைக் குளிரும் க்ஷயமுமே அவரைக் கொன்றனவென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1994-ல் அந்நாளைய நோய்க்குறிப்புக்களை ஆராய்ந்த ஒருவர், இளமையில் இந்நாட்டிலேயே பற்றிய சீதபேதியின் வழியாய் ஈரலில் தங்கிய அமீபா நோயே காரணமாகலாமென்று கருதினார். அங்ஙனமாயின் அது தீர்க்கக்கூடிய நோய். இருந்தும் நீ என்னுடன் வந்திருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்ற கருத்தை அவர் ஜானகியிடம் கூறியதாகச் சொல்வர்.

படுக்கையிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அவ்விறுதியாண்டுத் தாள்கள் 1976-ல் டிரினிடி நூல்நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டு, இன்றும் ஆராயப்படுகின்றன. 1920 ஏப்ரல் 26-ல் சென்னைச் சேத்துப்பட்டில், 32-ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார். கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தமாக இராமேசுவரம் சென்றுவர அவருக்கு உடலில் வலுவிருக்கவில்லை. அதனால் உறவினருட் பெரும்பாலோர் ஈமச்சடங்கிற்கு வரவில்லை.