ஹால்டேன்: சொந்த உடம்பிலேயே போட்டுப் பார்த்த கணக்கு

கொற்கை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாண்டியர் துறைமுகம், முத்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை... அவ்வளவுதானே? இன்னிக்கு அங்கே போனால் கடலே கண்ணில் படாது. தாமிரபரணி கொட்டிய மண்ணால் கரை சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறைமுகமும் காயலுக்கு நகர்ந்து, பிறகு தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. ஆனால் கடலுக்குள் இறங்கும் தொழில் மட்டும் அந்தக் கரையை விட்டுப் போகவில்லை. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது.

அந்தக் காலத்தில் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். ஒரு நிமிஷம் போலக் கீழே இருந்துவிட்டுக் கயிற்றை அசைத்தால், படகில் இருப்பவர் தூக்கிவிடுவார். இப்போது பலர் படகில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியாகக் காற்றை வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் கீழே இருக்கிறார்கள். கையில் எந்தச் சான்றிதழும் கிடையாது, அனுபவம் மலையளவு. இன்னொரு பக்கம், மூன்று நாலு நாள் கோர்ஸ், கடலில் நாலே நாலு டைவ் முடித்து, 18 மீட்டர் வரை போகலாம் என்று அட்டை வாங்கி வருகிறவர்கள். இந்த ரெண்டு பேரில் யார் பாதுகாப்பு?

சட்டென்று பதில் சொல்லிடாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு மனிதரின் கதையைக் கேளுங்க. ஜே.பி.எஸ். ஹால்டேன். 1892இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர்.

அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். மகன்தான் அவருடைய சோதனை எலி. சின்னப் பையனைச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போய், மீத்தேன் சேர்ந்திருந்த இடத்தில் நின்று ஷேக்ஸ்பியர் வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பையன் மயங்கி விழுந்தான். விழுந்ததும் தெளிந்துவிட்டது. மீத்தேன் லேசானது, மேலேதான் தங்கும், தரையில் நல்ல காற்று இருக்கும் என்று அந்தப் பையனுக்கு யாரும் போர்டில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு தலைவலி. ஆழத்தில் வேலை செய்து மேலே வரும் முக்குளிப்பவர்கள் மூட்டுவலியில் துடித்தார்கள், சிலர் முடங்கினார்கள், சிலர் செத்தே போனார்கள். காரணம் நைட்ரஜன். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். கூடக் கூட, சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். வேகமாக மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பும்.

அப்பா ஹால்டேன் அழுத்த அறைக்குள் ஆடுகளை வைத்துச் சோதித்தார். உடம்பில் சில திசுக்கள் சீக்கிரம் நிரம்பும், சில மெதுவாக நிரம்பும் என்று பிரித்துக் கணக்குப் போட்டார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று மேலே வர வேண்டும் என்ற அட்டவணை 1908இல் வெளியானது. எண்கள் பிறகு பலமுறை மாறிவிட்டன. ஆனால் இன்னிக்குக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் ஓடுவது அந்த யோசனைதான். 1906இல் ஸ்காட்லாந்தில் கடல் சோதனை நடந்தபோது 13 வயது மகனும் இறங்கினான். பெரியவர்கள் அளவில் தைத்த உடை. மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பதறாமல் காற்றைச் சரிசெய்து சமாளித்து மேலே வந்தான்.

இப்போ ஒரு வேடிக்கை. இந்தப் பையன் பிற்காலத்தில் உயிர்வேதியியல், மரபியல் ரெண்டிலும் பெரிய அறிஞர் ஆனார். இயற்கைத் தேர்வுக்குக் கணித அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். ஆனால் அவரிடம் அறிவியல் டிகிரியே கிடையாது! ஆக்ஸ்போர்டில் படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும்தான்.

1939 ஜூன் 1 அன்று தீட்டிஸ் என்ற புது நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே சோதனை ஓட்டத்திலேயே மூழ்கியது. 99 பேர் இறந்தார்கள், நாலு பேர்தான் தப்பினார்கள். தொழிற்சங்கங்கள் ஹால்டேனிடம் காரணம் கேட்டன. அவர் நண்பர்கள் சிலரோடு ஓர் இரும்பு அறைக்குள் அடைந்துகொண்டு, கரியமில வாயு ஏற ஏறத் தலை எப்படி வலிக்கிறது, கை எப்படிக் குழறுகிறது என்று குறித்துவைத்தார். பிறகு போர்க்காலம் முழுக்கக் கடற்படைக்காக இதே வேலை. ஆழத்தில் தூய ஆக்சிஜனே விஷமாகி வலிப்பைக் கொண்டுவரும் என்பதைத் தன் உடம்பிலேயே பார்த்தார். அப்படி ஒரு வலிப்பில் முதுகெலும்பு அடிபட்டு, அந்த வலி கடைசிவரை கூடவே வந்தது.

1957இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்தியக் குடிமகன் ஆனார். பிறகு புவனேஸ்வரில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1964 டிசம்பர் 1 அன்று அங்கேயே காலமானார்.

சரி, நம்ம கேள்விக்கு வருவோம். டிகிரி இல்லாத ஹால்டேன் சாதித்தார், அதனால் சான்றிதழே வேஸ்ட் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அவர் கதையைத் தலைகீழாகப் படிக்கிறோம் என்று அர்த்தம். அவர் பட்ட வலியெல்லாம் மற்றவர்கள் படாமல் இருக்கத்தான் அட்டவணையாக, விதியாகக் காகிதத்தில் ஏறியது.

சங்கு குளிக்கும் அண்ணனை எடுத்துக்குங்க. அவர் தாத்தாவுக்கு மூச்சை அடக்குவதுதான் முதல் திறமை. ஒரே மூச்சில் போய் வந்ததால் நைட்ரஜன் பெரிய தொந்தரவு தரவில்லை. கம்ப்ரசர் வந்ததும் விதி மாறிவிட்டது. அழுத்தக் காற்றை இழுத்தபின் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், காற்று விரிந்து நுரையீரலே கிழியும். மணிக்கணக்கில் கீழே இருந்துவிட்டு நேராக மேலே வந்தால் குமிழி. பரம்பரைத் திறமை பொய் இல்லை. அது வேறு கருவிக்கான திறமை, அவ்வளவுதான். இந்த ஒரு பக்க விஷயத்தை அவருக்கு அவர் மொழியில் சொல்லிக்கொடுக்காதது யாருடைய தப்பு?

அட்டை வைத்திருப்பவருக்கோ விதி எல்லாம் தெரியும். மேலே வரும்போது மூச்சை விடணும், குமிழியை முந்தக் கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கணும். ஆனால் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து, மனசு படபடக்கும் அந்தப் பத்து வினாடியில் விதி ஞாபகம் வருமா? பல தடவை செய்து பழகியிருந்தால் மட்டும் வரும். அட்டையில் காலாவதி தேதி இல்லை. கைப்பழக்கத்துக்கு உண்டு.

ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ்களை ரெஸ்யூமில் அடுக்கும் நமக்கும் இது பொருந்தும். காகிதம் வாங்குங்க, வேண்டாம்னு யாரும் சொல்லலை. அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் வலி பட்டிருக்கிறார் என்று தெரிந்து, அதை உங்க கைக்குக் கொண்டுவாங்க.

ஹால்டேன் செத்த பிறகும் பாடம் நடத்தினார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது, மாணவர்கள் படிப்பதற்காக.