மலைக் குடிமக்களின் நண்பர்

திருக்குறளிலே பொழுதுகண்டிரங்கல் என்னும் அதிகாரத்தை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம், மாலைப்பொழுது மனிதருக்கு மாத்திரந்தான் துயர் தருவதோ என்னும் ஐயம் என் மனத்தில் எழுவதுண்டு. அவ்வையத்துக்குத் தம் வாழ்நாளைக் கொண்டே விடை தேடிய ஒருவர் தென்னாபிரிக்காவிலே பிறந்தார். புலவராகவும் வழக்கறிஞராகவும் பத்திரிகாசிரியராகவும் விளங்கிய அவர், ஊரார் பகையெனக் கருதிய குரங்கினத்துக்கு நண்பராகவும் வாழ்ந்தார். யூஜீன் மரே என்பது அவர் பெயர்.

மரே 1871 ஆம் ஆண்டு சனவரி 9 ஆந் திகதி பிரிட்டோரியா நகரின் அயலிலே பதின்மூன்று மக்களுள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். இருபது வயதளவிலேயே ஒரு பத்திரிகையின் ஆசிரியராகி, சனாதிபதி குரூகரின் ஆட்சியை அஞ்சாது கண்டித்தெழுதினார். 1894 இல் மணம் புரிந்தார். மறு ஆண்டிலே, மகனொருவனைப் பெற்றபின் மனைவியார் காலமானார். மோபீன் என்னும் மயக்க மருந்தின் பிடியும் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்றார்.

அக்காலத்திலே போயர் யுத்தம் மூண்டது. போயர்க் கைதிகள் ஏறக்குறைய 5000 பேர் நம் நாட்டுத் தியத்தலாவையிலே காவலில் வைக்கப்பட்டமை பலரும் அறிந்ததே. 1902 இல் யுத்தம் முடிந்தது. நாடு திரும்பிய மரே, பாழ்பட்ட தாய்நிலத்தின் துயரைக் குளிர்கால இரவொன்றின் மேல் ஏற்றி 1905 இல் ஒரு சிறு கவிதை பாடினார். ஆபிரிக்கான்சு மொழியின் புதுக் கவிதை வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு.

1907 ஆம் ஆண்டளவிலே அவர் நகர வாழ்வை நீத்து வாட்டர்பேர்க் மலைநாட்டை அடைந்தார். அங்கே கூட்டங் கூட்டமாக வாழ்ந்தவை பபூன் எனப்படும் நாய்முகக் குரங்குகள். நம் நாடக மேடைக் கோமாளிக்கும் பபூன் என்ற பெயர் வழங்குவதால், இவற்றையும் வேடிக்கைப் பிராணிகளாகக் கொள்ளலாகாது. தோட்டங்களைச் சூறையாடும் வலிய விலங்குகள் இவை. ஆதலினால் அந்நாட்டிலே இவற்றைக் கொன்றோருக்குத் தலைக்கு இவ்வளவெனப் பணம் வழங்கும் வழக்கமும் இருந்தது. ஆயின், யுத்தத்தின்போது ஆடவர் போர்க்களஞ் சென்றமையாலும், தோல்வியின்பின் குடியானவர்களின் துப்பாக்கிகள் பறிக்கப்பட்டமையாலும், அம்மலைக் குரங்குகள் மனிதரை அஞ்சுவதை மறந்திருந்தன. மரே ஒரு தோழருடன் அவற்றின் அயலிலே குடிசையமைத்து, மூன்றாண்டு காலம் நாள்தோறும் அவற்றுடன் பழகினார்.

அந்தி சாயும் வேளையிலே, பகலெல்லாம் ஆரவாரித்த கூட்டம் ஒடுங்கி அமர்வதையும், குட்டிகள் தாயரை நாடுவதையும், முதிய குரங்குகள் மறையும் ஞாயிற்றை நோக்கித் துயரொலி எழுப்புவதையும் அவர் கண்டார். இம்மாலைத் துயருக்கு ஒரு தனிப்பெயரும் இட்டார். தம் உள்ளத்துத் துயரையும் அவர் அங்கே கண்டனர் என்றே யான் கருதுகிறேன்.

அவர் செய்த சோதனையொன்று மிகவும் சிந்திக்கத்தக்கது. நீர்நாய்க் குட்டி ஒன்றையும் பபூன் குட்டி ஒன்றையும் இனத்தினின்று பிரித்துத் தனித்தனியே வளர்த்தார். ஆற்றையே கண்டறியாத நீர்நாய், கொண்டுவிட்ட சிறிது நேரத்திலே நீரிற் பாய்ந்து மீன் பிடித்தது. பபூனோ, காட்டிலே உணவு எது, நஞ்சு எது என்று அறியாது தவித்தது. குட்டியைத் தாயினின்று பிரித்த செயலை இன்றைய நெஞ்சம் ஏற்கத் தயங்கும். எனினும், பபூனின் வாழ்க்கை மூத்தோரிடம் கற்றுப் பெறும் கல்வி என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. ஆசிரியத் தொழில் புரியும் என் போன்றோர்க்கு இது வியப்பும் நாணமும் ஒருங்கே தருவதாகும்.

இன்றும் கேப் டவுன் நகரின் அயலிலே பபூன்கள் வாழ்கின்றன. மலைச்சாரல்களில் வீடுகள் பெருகின. குப்பைத் தொட்டிகளும் கனிமரங்களும் அவற்றை அழைத்தன. உல்லாசப் பயணிகள் வாகனங்களிலிருந்து தின்பண்டம் வழங்கினர். வாகனங்களைத் திறந்து உணவு கவர்ந்த, பிரெட் என்று பெயரிடப்பட்ட ஆண் பபூன் 2011 இல் அதிகாரிகளாற் கொல்லப்பட்டது. கோரைப்பல் கொண்ட விலங்கு சமையலறையினுள் நுழைந்தால் வீட்டார் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை யான் இகழேன். ஆனால், திருட்டைக் கற்பித்தவர் யார்? மரே காட்டியபடி, பபூன் கற்று வாழும் உயிராயின், கொலை அதற்குப் பாடமாகாது. மூத்ததைக் கொன்றால் காட்டுணவை அறிந்த ஆசான் மறைகிறது. திறந்த குப்பைத் தொட்டியோ அடுத்த குட்டிக்குப் பாடஞ் சொல்லக் காத்திருக்கிறது. தொட்டியைப் பூட்டுதலும், வேலி அமைத்தலும், காவலர் நின்று கூட்டத்தை மலைக்குத் திருப்புதலும் கடினமான பணிகளே. ஆயினும் பிழையின் வேரைத் தீண்டுவன அவையே.

மரேயின் முடிவு இரங்கத்தக்கது. கறையான் பற்றி அவர் ஆராய்ந்தெழுதியவற்றை, நோபல் பரிசு பெற்ற மேட்டர்லிங்கு 1926 இல் வெளியிட்ட நூலிற் கையாண்டுவிட்டார் என்ற மனப்புண் ஆறவேயில்லை. நோயும் மருந்தும் வாட்ட, 1936 மார்ச்சு 29 இல் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குரங்கின் ஆன்மாவைப் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப்படி, 33 ஆண்டுகள் கழித்து, 1969 இலேயே நூலாயிற்று.

அதற்கு முன்னரே, 1938 இல், பபூன்களைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் தாய்மொழியில் நூலாகியிருந்தன. மலைகளின் குடிமக்கள் என்பது அந்நூலின் பெயர். குடிமக்கள் என்னும் அச்சொல்லை யான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. குடிகள் தவறிழைத்தால் திருத்துவதற்கு வழி தேடுவதே அரசின் கடன். அவ்வழிகள் யாவற்றையும் தேடிப் பாராது துப்பாக்கியை எடுப்போர், அம்மலைப் புலவர் அந்திப்பொழுதிலே கேட்ட துயரொலியை ஒருமுறையேனும் செவிமடுத்தல் வேண்டும்.