புயலே இல்லாமல் மூழ்கிய கப்பல்

நம்ம அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் உயிரினங்களின் படிமங்கள் கிடைக்கும். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கே கடல் இருந்தது. இப்போ கப்பல் பார்க்கணும்னா பஸ் ஏறணும். நான் தூத்துக்குடிக்குப் போனேன். அங்கே துறைமுகத்துக்கே வ.உ.சி. பெயர்தான்.

கப்பல் ஓட்டினார், செக்கு இழுத்தார். ஸ்கூலில் நமக்கு இந்த ரெண்டு வரிதான், ரெண்டு மார்க். நடுவில் என்ன ஆச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா?

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் அவர். தூத்துக்குடி–கொழும்பு கப்பல் போக்குவரத்து அப்போ பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கையில் இருந்தது. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் மூலதனம்.

கம்பெனி இருக்கு, கப்பல் இல்லை! வாடகைக்குக் கொடுத்தவரையும் போட்டிக் கம்பெனி மிரட்டிப் பின்வாங்க வைத்தது. கப்பல் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். 1907-ல் காலியா, லாவோ என்று ரெண்டு நீராவிக் கப்பல்கள் வந்தன. காலியாவில் மட்டும் 1,300 பேருக்கு மேல் போகலாம், 4,000 மூட்டையும் ஏற்றலாம்.

அப்புறம்தான் கட்டணச் சண்டை. அவர்கள் டிக்கெட்டை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். இவர் எட்டணா ஆக்கினார். அவர்கள் டிக்கெட்டே வேண்டாம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றார்கள். சிரிப்பா இருக்கில்ல? ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. கப்பல் காலியாகப் போனாலும் நிலக்கரி எரியும், மாலுமிக்குச் சம்பளம் தரணும். அவர்கள் இங்கே விட்டதை வேறு பாதையில் பிடிச்சுக்கலாம். சுதேசிக்கு வேறு பாதை கிடையாது. இஞ்சினில் கோளாறு இல்லை, கல்லாவில்தான் ஓட்டை.

அப்படியும் ஜனங்கள் சுதேசிக் கப்பலில்தான் ஏறினார்கள். அதனால் அடுத்து அரசாங்கமே இறங்கியது. கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற கையோடு, 1908 மார்ச்சில் கைது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கு இழுத்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் போட்டிக் கம்பெனிக்கே போனதாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கூட்டம் இல்லை; சுப்பிரமணிய சிவா காத்திருந்தார். வக்கீல் உரிமமும் போயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலேயே இறந்தார்.