கற்ற கையும் கற்பித்த கையும்

நுழையும்முன்

அறுவை மருத்துவம் நூலைப் படித்து மட்டும் கற்கும் கலையன்று. கைதேர்ந்தவர் ஒருவர் அருகில் நின்று காட்ட, கற்பவர் கண்டு, துணைநின்று, பின் தாமே செய்து பழகும் கலை அது. அதனால்தான் இத்துறையில் பட்டம் பெறுவதைவிட நல்லாசிரியரைப் பெறுவது அரிது. பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியின் கதவே அடைத்திருந்த காலத்தில் சென்னையில் கல்வி பெற்று, கடல் கடந்து தேர்ந்து, தாம் கற்றதைப் பிற பெண்களுக்குக் கற்பித்தவர் மேரி ஷார்லீப். அவரது வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

சென்னைக்கு வந்த மணமகள்

மேரி 1845ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தார். பாட்டனார் வீட்டில் சமயப்பற்றும் கண்டிப்பும் மிக்க சூழலில் வளர்ந்தார். சட்டம் பயில இலண்டனுக்கு வந்திருந்த வில்லியம் ஷார்லீப்பை 1865இல் மணந்தார். அடுத்த ஆண்டு கணவருடன் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். வில்லியம் சென்னையில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். மேரி அவருடைய சட்ட இதழ்ப் பணிகளில் துணைபுரிந்தார். மூன்று குழந்தைகளுக்குத் தாயானார்.

வசதியான வாழ்க்கைதான். ஆயினும் அவர் காதில் விழுந்த செய்திகள் அவரை அமைதியாக இருக்கவிடவில்லை. திரைமறைவில் வாழ்ந்த இந்துக் குடும்பப் பெண்களும் இசுலாமியப் பெண்களும் ஆண் மருத்துவரிடம் செல்ல மாட்டார்கள்; பெண் மருத்துவரோ இல்லை. மகப்பேற்றில் சிக்கல் நேர்ந்தால் தாயும் சேயும் துன்புற்று மடிவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தாயின் மடியை அறியாது வளர்ந்த மேரிக்கு இச்செய்தி வெறும் செய்தியாக இருந்திருக்க இயலாது. முதலில் சென்னை மகப்பேறு மருத்துவமனையில் ஏறத்தாழ ஓராண்டு பேறுகாலப் பணி பயின்றார். பயின்றதும் ஓர் உண்மை புலப்பட்டது: செவிலியின் பயிற்சி போதாது, முழுமையான மருத்துவக் கல்வியே வேண்டும்.

திறந்த கதவு

அன்றைய உலகில் அது எளிய விருப்பம் அன்று. இங்கிலாந்திலேயே நிலைமை கடினமாக இருந்தது. சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவருடைய தோழியரும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கியபோது, 1870இல் தேர்வுக்கூட வாயிலிலேயே ஆண் மாணவர் கூட்டம் அவர்களை மறித்துக் கலகம் செய்தது. இறுதியில் அவர்களுக்குப் பட்டமும் மறுக்கப்பட்டது.

சென்னையில் மேரிக்கு ஓர் ஆதரவாளர் கிடைத்தார். அவர் எட்வர்டு பால்ஃபோர். சென்னை அரசு அருங்காட்சியகத்தை உருவாக்கியவராக நாம் அறிந்த அவர், அப்போது மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தார். பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று அவர் துணைநின்றார். அதன் பயனாக 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது. மேரியோடு சேர்த்து நால்வர் சேர்ந்தனர். அப்போது மேரிக்கு வயது முப்பது. பெண்களுக்குக் கற்பிப்பதில் தயக்கம் காட்டிய ஆசிரியரும் இருந்தனர். எனினும் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் உரிமையே பெரிதெனக் கருதி நால்வரும் உழைத்தனர். 1878இல் மேரி எல்.எம்.எஸ். சான்று பெற்றார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலில் சேர்ந்த நால்வருள் இந்தியக் குடும்பப் பெண் ஒருவரும் இல்லை. ஆனால் திறந்த கதவு திறந்தே இருந்தது. 1878இல் அகமதுநகரைச் சேர்ந்த கிருபாபாய், பிற்காலத்தில் கிருபா சத்தியநாதன் என்னும் நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர், அக்கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவு அவர் கல்வியை இடையில் நிறுத்தியது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் இல்லாமையால் அபலா தாஸ் 1882இல் வங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து பயின்றார். ஒருவர் நுழைந்த வாயிலில் பலர் நுழைவர் என்பதற்கு இவை சான்றுகள்.

கடல் கடந்த கல்வி

சென்னைச் சான்றோடு மேரி நிறைவடையவில்லை. 1878இல் குழந்தைகளுடன் இங்கிலாந்து சென்றார். அங்கே 1874இல் தொடங்கப்பட்ட இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியில் அவருக்கு வாய்த்த பெரும்பேறு எலிசபெத் கேரட் ஆண்டர்சன் என்னும் ஆசிரியர். இங்கிலாந்தில் தடைகளை வென்று மருத்துவரான அப்பெண்மணி, பெண்களே பெண்களுக்கு மருத்துவம் செய்யும் மருத்துவமனை ஒன்றையும் நடத்திவந்தார்.

1878இல்தான் இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்கு வழங்க முன்வந்தது. 1882இல் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தை முதலில் பெற்ற பெண்கள் இருவர். அவருள் ஒருவர் மேரி. மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். பின்னர் வியன்னா சென்று, மகப்பேற்று அறுவைமுறைகளைக் கற்றார். விக்டோரியா அரசியைச் சந்தித்து இந்தியப் பெண்களின் துயரை எடுத்துரைத்தார்.

மீண்டும் சென்னை

1883இல் சென்னை திரும்பிய மேரி, தாம் மாணவியாக இருந்த அதே கல்லூரியில் மகப்பேறு மருத்துவம், மகளிர் நோயியல் ஆகியவற்றின் விரிவுரையாளரானார். எட்டாண்டுகளுக்கு முன் பெண்கள் அமர்வதே ஐயத்துக்கு உரியதாக இருந்த வகுப்பறையில், இப்போது ஒரு பெண் ஆசிரியராக நின்றார்.

1885இல் அவருடைய முயற்சியால் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை சென்னையில் தொடங்கப்பட்டது. திரைமறைவு வழக்கம் உடைய பெண்கள் தயக்கமின்றி வரும்வண்ணம் அது அமைக்கப்பட்டது. சாதி வேறுபாடுகளையும் கோஷா வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டே அம்மருத்துவமனை தன் பெயரையும் நடைமுறையையும் வகுத்துக்கொண்டது. இன்றைய நோக்கில் இது குறையே. ஆயினும் மருத்துவமே எட்டாதிருந்த பெண்களை மருத்துவமனைக்குள் அழைத்துவந்த முதற்படி அது. பின்னாளில் சேப்பாக்கத்தில் நிலைபெற்ற அம்மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாகத் தொண்டாற்றுகிறது.

கைமாறிய கலை

உடல்நலம் குன்றியதால் 1887இல் மேரி இங்கிலாந்து திரும்ப நேர்ந்தது. கணவர் சென்னையிலேயே இருந்தார்; 1891இல் காலமானார். தனிவாழ்வின் துயர்களுக்கிடையே மேரியின் அறுவை மருத்துவப் பணி ஓங்கியது. 1888இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

தம் ஆசிரியரான கேரட் ஆண்டர்சனின் மருத்துவமனையிலேயே பணியில் சேர்ந்தார். வயிற்றறுவை அக்காலத்தில் மிகுந்த ஆபத்துடையது. நோயாளி உயிரிழந்தால் பழி மருத்துவரோடு நில்லாது. பெண்களால் அறுவை செய்ய இயலாது என்பாருக்கு அதுவே சான்றாகிவிடும். இதனை அறிந்தும் கேரட் ஆண்டர்சன் தம் மாணவியின் கையை நம்பினார். மேரி அந்நம்பிக்கையைக் காத்தார். ஆசிரியர் ஓய்வு பெற்ற பின்னர் அம்மருத்துவமனையின் அறுவைப் பணியை முன்னின்று நடத்தினார்.

மகளிர் மருத்துவப் பள்ளியிலும் அவர் நெடுங்காலம் கற்பித்தார். 1895இல் அறுவை மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்ற முதல் பிரித்தானியப் பெண்ணான லூயிசா ஆல்டிரிச்-பிளேக், மேரி பணியாற்றிய மருத்துவமனைகளிலேயே தம் தொழிலை வளர்த்துக்கொண்டவர். பின்னர் அப்பள்ளியின் முதல்வராகவும் உயர்ந்தார். 1902இல் இராயல் ஃபிரீ மருத்துவமனை மேரியை மகளிர் நோய் மருத்துவராக அமர்த்தியது. பெண்களுக்கெனத் தனியே அமையாத பொது மருத்துவமனை ஒன்றில் அத்தகைய பொறுப்பு ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது இலண்டனில் புதுமை.

ஓய்வுக்குப் பின்னரும் அவர் ஓயவில்லை. 1920இல் நீதித்துறை நடுவர் பொறுப்பேற்ற முதல் பெண்களுள் ஒருவரானார். 1926இல் டேம் என்னும் உயர்விருது பெற்றார். 1930ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தம் எண்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

தொடரும் சங்கிலி

மேரி கற்ற கல்லூரியில் 1907இல் புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி சேர்ந்தார். 1912இல் பட்டம் பெற்றார். அவருடைய முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. மறு ஆண்டில் அங்கே பணியில் சேர்ந்த மருத்துவர் சாந்தா, ஆயிரக்கணக்கானோரின் நம்பிக்கையானார். ஒரு கை மற்றொரு கையைப் பற்றி மேலேற்றும் இச்சங்கிலி இன்றும் தொடர்கிறது.

இன்று பல்கலைக்கழகங்கள் வருகைதரு பேராசிரியர்களை அழைக்கின்றன. தொலைவில் உள்ள அறிஞர் ஒருவர் சில நாள் வந்து தங்கி, கற்பித்து, இளையோரின் திறனைக் கண்டறிந்து வழிகாட்டுகிறார். இலண்டன், வியன்னா, சென்னை என ஊர்விட்டு ஊர்சென்று கற்றும் கற்பித்தும் வாழ்ந்த மேரியின் வாழ்வில் இவ்வழக்கத்தின் பயனை முன்கூட்டியே காணலாம். 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வரதராஜன்பேட்டை போன்ற ஊர்களில் வளரும் மாணவி ஒருத்திக்கு மருத்துவக் கல்லூரி இன்று கடல் கடந்த கனவு அன்று. கதவு திறந்துவிட்டது. உள்ளே நுழைபவருக்குக் கற்றுக்கொடுக்கும் கையும், நுழைந்தவர் அடுத்தவருக்கு நீட்டும் கையுமே இனி வேண்டுவன.

கற்பவை கற்றபின்

1. மேரி ஷார்லீப்பின் உயர்வில் பால்ஃபோர், கேரட் ஆண்டர்சன் ஆகியோரின் பங்கினை ஒப்பிட்டு எழுதுக.

2. திறமை மட்டும் போதும். வழிகாட்டி தேவையில்லை என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பணியாற்றும் பெண் மருத்துவர் அல்லது செவிலியர் ஒருவரைச் சந்தித்து, அவருக்குத் தொழில் கற்பித்தவரைப் பற்றி நேர்காணல் செய்து தொகுக்க.