தாயரைக் காத்த செம்மல்

பட்டு நெசவாலும் திருக்கோயில்களாலும் புகழ்பெற்ற பெரிய காஞ்சிபுரத்திலாயினும், கடல் கடந்த நகரிலாயினும், மகப்பேற்று அறையினுள் நுழையும் மருத்துவர் முதற்கண் தம் கைகளைக் கழுவுகின்றார். மாதம் நிறையுமுன் வலி கண்டதா, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்ததா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா என ஆராய்ந்து, பிறக்கும் குழவிக்கு நோய்த்தொற்று நேருமோ என முன்னரே கணிக்கின்றார். நோயின் வழியை அது வருமுன் அறிய முயன்ற முன்னோருள் ஒருவர் இக்னாஸ் செம்மல்வைஸ். பிறமொழிப் பெயரேயாயினும், செம்மல் என்னும் ஒலி அதில் அமைந்திருப்பது நமக்கு உவகை தருகின்றது.

இவர் 1818-ஆம் ஆண்டு அங்கேரி நாட்டுப் புடா நகரில் ஒரு வணிகர் மகனாகப் பிறந்தார். சட்டம் பயில வியன்னா சென்றவர், மருத்துவத்தில் மனம் பற்றி அதனையே கற்றுத் தேர்ந்தார். 1846-இல் அந்நகரப் பெருமருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவரானார்.

அங்கு இரு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவரும், இரண்டாவதில் மருத்துவச்சியரும் பயின்றனர். அவ்வாண்டில் முதற்பிரிவில் மகப்பேறுற்ற 4,010 தாயருள் 459 பேர் மாண்டனர். மற்றதில் 3,754 பேருள் மாண்டவர் 105 பேரே. முதற்பிரிவில் சேர்க்க வேண்டா என மகளிர் மண்டியிட்டு அழுதனர். அவ்வழுகை செம்மல்வைசின் உறக்கத்தைக் கெடுத்தது.

காற்றின் கேடு என்றனர் சிலர்; நெரிசல் என்றனர் வேறு சிலர். அவர் அவற்றை ஒவ்வொன்றாக ஆய்ந்து தள்ளினார். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே ஈன்ற ஏழை மகளிர் பெரும்பாலும் நோயுறவில்லை. குறைமாதத்தில் ஈன்றவரும் அத்துணை நோயுறவில்லை. நெடுநேரம் பேற்று வலியால் வருந்தியவரோ முதற்பிரிவில் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். அவர்தம் குழவிகளும் உடன் மாண்டன. யாருக்கு நோய் வரும் என்பதை அவரால் முன்கூட்டியே கூற முடிந்தது. ஏன் வரும் என்பதுதான் விளங்கவில்லை.

1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பர் கொலெச்கா, பிணத்தை அறுத்து ஆயும்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டு மாண்டார். அவர் உடலில் கண்ட குறிகளும் தாயர் உடலில் கண்ட குறிகளும் ஒன்றே. புதிர் அவிழ்ந்தது. மாணவர் பிண அறையிலிருந்து நேரே வந்து தாயரைத் தொட்டனர். பேறு நீளநீளத் தொடும் கைகளும் பெருகின. விரைவில் ஈன்றோர் அக்கைகளுக்குத் தப்பினர். இன்று குறைமாதக் குழவிக்கே தொற்று மிகுதியாக அஞ்சப்படுகின்றது. அதன் உடலில் எதிர்ப்பாற்றல் குன்றியிருத்தலும், தொற்றே சிலபோது பேற்றை முந்தச் செய்தலும் அதற்குக் காரணங்கள்.

அவ்வாண்டு மே திங்களில், குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பின்னரே தாயரைத் தொடல் வேண்டுமென அவர் ஆணையிட்டார். 1848-இல் முதற்பிரிவில் 3,556 தாயருள் மாண்டோர் 45 பேராகக் குறைந்தனர்.

எனினும், தம் கைகளே கூற்றுவனாயின என்பதை ஏற்க மூத்த மருத்துவர் பலர் மறுத்தனர். செம்மல்வைசிடமும் குறை உண்டு. கண்டதை நூலாக எழுத 1861 வரை காலம் தாழ்த்தினார். பின்னர் எதிர்த்தோரைக் கொலைஞர் எனக் கடிந்து மடல்கள் விடுத்தார். இறுதியில் மனம் நைந்த அவரை வியன்னாவில் ஒரு மனநோயர் விடுதியில் சேர்த்தனர். அங்குப் புண் சீழ்பிடித்துக் குருதி நஞ்சேறி, 1865 ஆகஸ்டு 13-ஆம் நாள், 47-ஆம் வயதில் உயிர் நீத்தார். அதற்கு முந்திய நாள், கிளாசுகோ நகரில் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் காற்புண்ணைக் கார்பாலிக் அமிலம் தோய்ந்த துணியால் கட்டினார். அப்புண் சீழ்பிடிக்காமல் ஆறியது.