இலக்கிய வட்டம் கண்ட கு. அழகிரிசாமி

இன்று நாம் போர்ட் கிள்ளான் என அழைக்கும் துறைமுகத்திற்கு முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ‘ரஜூலா’ கப்பல், பினாங்கைத் தொட்டு இங்கும் வந்து நின்றது. அக்காலத்தில் தொழிலாளர்களும் வணிகர்களும் மட்டுமல்லர், எழுத்தாளர் சிலரும் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் கு. அழகிரிசாமி.

அழகிரிசாமி 1923ஆம் ஆண்டு, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான கி. ராஜநாராயணனும் அதே ஊர்க்காரர். இவருடைய உற்ற நண்பர். இருவரும் சேர்ந்தே நூல்களைப் படித்தனர், இசையையும் கற்றனர். அழகிரிசாமிக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அதை விட்டுவிட்டுப் பத்திரிகைப் பணியை நாடிச் சென்னைக்குச் சென்றார். மாதச் சம்பளத்தைத் துறப்பது, வறுமையில் வளர்ந்தவருக்கு எளிய முடிவன்று.

1950களில் கோலாலம்பூருக்கு வந்து, ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ஆசிரியப் பணியை ஏற்றார். அவர் வருவதற்கு முன்பே, அந்நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தியிருந்தனர். அதனால், கதை எழுதப் பழகிய இளைஞர் பலர் இங்கு இருந்தனர். எழுதியதைச் சீர்தூக்கிப் பார்க்கத்தான் ஓர் இடம் வேண்டியிருந்தது. அழகிரிசாமி ‘இலக்கிய வட்டம்’ அமைத்தார். எழுத்தாளர்கள் ஒன்றுகூடித் தங்கள் கதைகளை அலசி ஆராய்ந்தனர். நாலு பேர் முன்னிலையில் தம் கதையின் குறையைக் கேட்பது யாருக்கும் இனிக்காது. ஆனாலும், பாராட்டை மட்டுமே கேட்பவருக்குத் தம் கதை எங்கே தொய்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

அவருடைய கதைகளே எழுத விரும்புவோருக்கு நல்ல பாடம். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், ஓர் ஏழைத் தாய் தீபாவளிக்காகக் கணவனுக்கு வாங்கிய புதுத் துண்டை, ஆதரவற்ற சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. படாடோபமான சொற்கள் இல்லை. இரக்கப்படுங்கள் என்று ஆசிரியர் குறுக்கிட்டுச் சொல்வதும் இல்லை. வீட்டில் பேசும் சொற்களைக் கொண்டே நம் கண்களைக் கலங்க வைத்துவிடுகிறார்.

1957ஆம் ஆண்டு அவர் தமிழ்நாடு திரும்பினார். 1970 ஜூலையில், தமது 46ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டுக்கான சாகித்திய அகாதமி விருது அவருடைய ‘அன்பளிப்பு’ சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.