ஓட்டுக் கேட்டு வந்த தளபதி

தைப் பொங்கல் அன்று மதுரை அவனியாபுரத்தில் என்ன விசேஷம், சொல்லுங்கள் பார்க்கலாம்?

சரியாகச் சொன்னீர்கள், குட்டீஸ்! ஜல்லிக்கட்டு! வாடிவாசலில் இருந்து காளை சீறிக்கொண்டு வரும். திமிலைப் பிடிக்க மாடுபிடி வீரர்கள் காத்திருப்பார்கள். ஊரே திரண்டு வந்து பார்க்கும்.

சில ஆண்டுகளில் பொங்கல் ஜனவரி 15 அன்று வரும். 2024-ல் அப்படித்தான் வந்தது. அவனியாபுரத்தில் காளைகள் ஓடிய அதே நாளில், லக்னோ நகரில் ராணுவ வீரர்கள் மிடுக்காக அணிவகுத்து நடந்தார்கள். ஏனென்றால், ஜனவரி 15 நமது ராணுவ தினம். முன்பெல்லாம் இந்த அணிவகுப்பு டெல்லியில் நடக்கும். 2023 முதல் வெவ்வேறு நகரங்களில் நடத்துகிறார்கள்.

சரி, அது ஏன் ஜனவரி 15? 1949-ம் ஆண்டு அந்த நாளில்தான் ஓர் இந்தியர் முதன்முதலாக நமது ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். அவர்தான் கரியப்பா. அவர் போரில் ஜெயித்த கதை பலருக்குத் தெரியும். தேர்தலில் தோற்ற கதை தெரியுமா? வாருங்கள், இரண்டையும் பார்க்கலாம்.

காவிரி பிறக்கும் ஊரில்...

நம் வயல்களுக்கு நீர் தரும் காவிரி எங்கே பிறக்கிறது? குடகு மலையில். அந்தக் குடகு நாட்டில்தான் 1899-ம் ஆண்டு ஜனவரி 28 அன்று கரியப்பா பிறந்தார். அப்பா மாதப்பா, வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கரியப்பா சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பிலும் கெட்டி, விளையாட்டிலும் கெட்டி. ஹாக்கி, டென்னிஸ் என்றால் உயிர்.

அப்போது நம்மை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். ராணுவத்தில் சிப்பாய்கள் இந்தியர்கள். உத்தரவு போடும் உயர் அதிகாரிகள் ஆங்கிலேயர்கள். இந்தியர்களையும் அதிகாரிகள் ஆக்க வேண்டும் என்று நம் தலைவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு சில இளைஞர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. கரியப்பா அவர்களில் ஒருவர். இந்தூரில் பயிற்சி பெற்று, 1919-ம் ஆண்டு அதிகாரி ஆனார்.

அதற்குப் பிறகு பல 'முதல்' பெருமைகள் அவரைத் தேடி வந்தன. குவெட்டா நகரில் ராணுவ உயர் அதிகாரிகளுக்கான கல்லூரி இருந்தது. 1933-ல் அதில் சேர்ந்த முதல் இந்திய அதிகாரி அவர்தான். ஒரு படைப்பிரிவுக்கே தலைவராகும் வாய்ப்பு 1942-ல் கிடைத்தது. அதிலும் இந்தியர்களில் அவர்தான் முதல்வர்!

பனிமலையில் டாங்கிகள்

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. கூடவே பாகிஸ்தான் தனி நாடாகப் பிரிந்தது. ராணுவமும் இரண்டாகப் பிரிந்தது. நேற்று வரை ஒரே முகாமில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், காஷ்மீரில் எதிரெதிராக நின்று போரிட்டார்கள். எவ்வளவு வேதனை பாருங்கள்!

அந்தப் போரில் நமது மேற்குப் பகுதிப் படைகளுக்குப் பொறுப்பாளர் கரியப்பா. லடாக் செல்லும் வழியில் சோஜிலா கணவாய் இருக்கிறது. உயரம் 11,000 அடிக்கும் மேல்! எதிரிகள் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1948 நவம்பரில் நமது வீரர்கள் அந்தப் பனிமலைக்கு டாங்கிகளையே கொண்டு போனார்கள். அவ்வளவு உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரிகள் கனவிலும் நினைக்கவில்லை. கணவாய் மீட்கப்பட்டது. திராஸும் கார்கிலும் கைக்கு வந்தன. லடாக் செல்லும் வழி திறந்தது.

இரண்டே மாதங்களில் கரியப்பா தலைமைத் தளபதி ஆனார்.

சீருடையும் அரசியலும்

தளபதி ஆனதும் தன் அதிகாரிகளுக்கு அவர் முக்கியமான ஒரு பாடம் சொன்னார். ராணுவத்துக்குள் அரசியல் நுழைந்தால் அது விஷம் போல. அதன் பக்கமே போகக் கூடாது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குக் கட்டுப்பட்டு நடப்பதே ராணுவத்தின் வேலை என்றார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவருக்கே பேச்சில் ஆர்வம் அதிகம். போகும் இடமெல்லாம் பல விஷயங்களைப் பற்றிப் பேசுவார். பேச்சைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளலாமே என்று 1952-ல் பிரதமர் நேரு அவருக்குப் பக்குவமாகக் கடிதம் எழுதினார். நாட்டின் பெரிய தளபதிக்கும் தட்டிச் சொல்ல ஒருவர் இருந்தார் பார்த்தீர்களா? அதுதான் மக்களாட்சி!

1953 ஜனவரியில் கரியப்பா ஓய்வு பெற்றார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்தியத் தூதராகப் பணியாற்றினார்.

எல்லோரும் என் பிள்ளைகள்

1965-ல் மீண்டும் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. கரியப்பாவின் மகன் நமது விமானப்படையில் விமானி. போரின் கடைசி நேரத்தில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் பாகிஸ்தானில் கைதியானார்.

அப்போது பாகிஸ்தானின் அதிபர் அயூப்கான். பிரிவினைக்கு முன்பு கரியப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். கைதியானவர் தன் பழைய மேலதிகாரியின் மகன் என்று தெரிந்ததும், விடுவித்து அனுப்பத் தயார் என்று தகவல் அனுப்பினார்.

பெற்ற அப்பாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகன் வீட்டுக்கு வந்துவிடுவான். கரியப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கைதியாக இருக்கும் ஒவ்வோர் இந்திய வீரனும் எனக்கு மகன்தான். விடுவித்தால் எல்லோரையும் விடுவியுங்கள், இல்லையென்றால் என் மகனுக்குத் தனிச் சலுகை வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டார். போர் முடிந்து 1966-ல்தான் மகன் ஊர் திரும்பினார்.

தளபதி தேர்தலில் நிற்கிறார்

சீருடையில் இருப்பவர் தேர்தலில் நிற்க முடியாது. தபாலில் ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். ஓய்வு பெற்றுவிட்டால்? அவரும் நம் பக்கத்து வீட்டு மாமாவைப் போல ஒரு குடிமகன். 25 வயது ஆகியிருந்தால் மக்களவைத் தேர்தலில் நிற்கலாம்.

1971-ல் நாட்டில் பொதுத் தேர்தல் வந்தது. 72 வயதான கரியப்பா, பம்பாய் வடகிழக்குத் தொகுதியில் எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாகக் களம் இறங்கினார். ஒரு காலத்தில் அவர் உத்தரவுக்கு லட்சக்கணக்கான வீரர்கள் சல்யூட் அடித்தார்கள். வாக்காளரிடம் அந்த உத்தரவு செல்லாது. கேட்கத்தான் முடியும்!

முடிவு வந்தது. கரியப்பா தோற்றுப் போனார்.

ஏன்? அந்தத் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரஸ் அலை பலமாக வீசியது. 518 இடங்களில் 352 இடங்கள் அந்தக் கட்சிக்கே! மேலும், கட்சிகளைப் பற்றியும் ஆட்சியைப் பற்றியும் கரியப்பா சொன்ன கடுமையான கருத்துகளை ஏற்காதவர்களும் இருந்தார்கள். ஒருவர் மீது மிகுந்த மரியாதை வைத்திருக்கலாம். ஆனாலும் அவருக்கு ஓட்டுப் போடாமல் இருக்கலாம். அது வாக்காளரின் உரிமை.

இப்போது அயூப்கானைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1958-ல் அவர் தளபதியாக இருந்தபோதே ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்தார். நாட்டுக்கே அதிபர் ஆனார். அவருக்கு முன்பு மேலதிகாரியாக இருந்தவரோ, சீருடையைக் கழற்றிய பிறகு மக்களிடம் போய் ஓட்டுக் கேட்டார். கிடைக்கவில்லை என்றதும் வீட்டுக்குத் திரும்பினார். அயூப்கான் ஜெயித்தார், கரியப்பா தோற்றார். ஆனால் எந்த நாட்டு மக்கள் ஜெயித்தார்கள், சொல்லுங்கள்?

கடைசி வரை வீரர்

தேர்தலில் தோற்றதால் அவருடைய மதிப்பு குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. ஓய்வு பெற்ற படைவீரர்களின் நலனுக்காக அவர் தொடர்ந்து பாடுபட்டார். 1986-ம் ஆண்டு, 87-வது வயதில், அவருக்கு 'பீல்டு மார்ஷல்' பட்டம் அளிக்கப்பட்டது. ராணுவத்தில் இதைவிட உயர்ந்த பட்டம் கிடையாது. இந்திய ராணுவத்தில் இதுவரை இரண்டே பேர்தான் அதைப் பெற்றிருக்கிறார்கள். முதலில் மானெக்ஷா, அடுத்து கரியப்பா. 1993 மே 15 அன்று, 94 வயதில், பெங்களூரில் அவர் காலமானார்.

அவனியாபுரம் வாடிவாசலை மறுபடி நினைத்துப் பாருங்கள், குட்டீஸ். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் அங்கே விதி எல்லோருக்கும் ஒன்றுதான். காளை உதறிவிட்டால், மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து ஒதுங்க வேண்டியதுதான். வாக்குச்சாவடியும் அப்படித்தான். தளபதிக்கும் ஓர் ஓட்டு, அவனியாபுரத்தில் பூக்கட்டும் அக்காவுக்கும் ஓர் ஓட்டு.

அடுத்த தேர்தலில் அப்பா, அம்மாவோடு வாக்குச்சாவடி வரை போய் வாருங்கள். வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஓய்வு பெற்ற படைவீரர் யாராவது இருந்தால், ஒரு சல்யூட் அடிக்க மறக்காதீர்கள்!